கொடைரோட்டிலிருந்து உட்கார்ந்தபடியே வந்த ஒட்டகச்சிவிங்கி

திண்டுக்கல்லுக்குத் துணி எடுக்க வரும் நீங்கள் யாரும் இதுவரை எங்கள் காலைப் பார்த்ததில்லை. முகத்தைப் பார்ப்பீர்கள், கையைப் பார்ப்பீர்கள், கை விரித்துக் காட்டும் சேலையைப் பார்ப்பீர்கள். இடுப்புக்குக் கீழே கவுண்டர் மறைத்துவிடும். அந்த மறைவில் காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை நான்கு மாடியிலும் கால்கள் நிற்கின்றன. சாப்பாட்டுக்கு அரை மணி, டீக்குக் கால் மணி. மற்ற நேரம் முழுக்க நிற்பதற்குத்தான் சம்பளம்.

இது பயணக் கட்டுரைதான், பயப்பட வேண்டாம். இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், வாரத்தில் ஒரு நாள் மட்டும் லீவு கிடைப்பவர்கள் போய்த் திரும்பக்கூடிய இடங்களைப் பற்றித்தான் எழுதுவேன். விமானத்தில் போனது, மலை விடுதியில் தங்கியது எல்லாவற்றையும் வேறு ஆட்கள் எழுதுகிறார்கள். அங்கே போய்ப் படித்து வயிறு எரியலாம். நானும் அதைத்தான் செய்கிறேன். இந்த முறை நான் போனது கொடைரோடு. போக வர ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். போகும்போது பேருந்து, வரும்போது லாரி. லாரியில் என்னோடு ஒரு ஒட்டகச்சிவிங்கி வந்தது.

காரணம் நான்தான். போன தீபாவளிக்கு எதிர்க்கடைக்காரர் வாசலில் ஒரு யானைச் சிலை வைத்தார். பிள்ளைகள் யானையைப் பார்க்க ஓட, பிள்ளைகளைப் பிடிக்கப் பெற்றோர் ஓட, வியாபாரமும் அந்தப் பக்கமே ஓடியது. எங்கள் முதலாளிக்கு அந்த யானை மேல் அப்படியொரு வயிற்றெரிச்சல். யானையைவிட உயரமாக என்ன இருக்கிறது என்று தேடி, இந்த வருடம் ஒட்டகச்சிவிங்கி என்று முடிவு செய்தார். வாசல் போர்ட்டிகோவின் உயரத்தை அளந்து எழுதிக்கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

நான் பேன்ட், சட்டைத் துணிப் பிரிவில் இருக்கிறேன். தைக்கக் கொடுப்பவர்களுக்கு அளவெடுத்துச் சீட்டில் எழுதுவதும் என் வேலை. போர்ட்டிகோவை அளந்தேன், பதினோரு அடி. கையில் இருந்தது அந்த அளவுச் சீட்டுதான். அதில் ஒரு மனித உருவம் அச்சடித்திருக்கும். நாங்கள் நீளத்தை எப்போதும் தோள்பட்டையிலிருந்துதான் பிடிப்போம். எந்த உடுப்புக்கும் கழுத்தும் தலையும் அளவில் சேராது. நான்கு வருடப் பழக்கத்தில் கை தானாகத் தோள்பட்டையிலிருந்து கீழே வரை கோடு இழுத்தது. பக்கத்தில் பதினோரு அடி என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சிலை செய்பவர் சீட்டை நம்பினார். தோள்பட்டை வரை பதினோரு அடி. அதற்கு மேல் கழுத்தும் தலையும் ஏழு அடி. ஆக, பதினெட்டு அடி ஒட்டகச்சிவிங்கி. பதினோரு அடிப் போர்ட்டிகோ. முதலாளி என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. சிலையை எப்படியோ சரிசெய்யச் சொல்லிவிட்டார். அதை என் வார லீவான செவ்வாய்க்கிழமை நானே போய் ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்பது தண்டனை. எப்படிச் சரிசெய்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். என் அக்கா மகேஸ்வரி அதே கடையில் இரண்டாம் மாடியில், சுடிதார் பிரிவில் வேலை பார்க்கிறாள். பதினோரு வருடமாக. சாணார்பட்டியிலிருந்து வரும் காலைப் பேருந்தில் அவளுக்கு இடம் கிடைக்காது. கடைக்கு வருவதற்கு முன்பே நாற்பது நிமிடம் நின்றிருப்பாள். இடது காலில் முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு சுருண்டு புடைத்து நிற்கும். போன மாதம் ஒரு வாடிக்கையாளருக்குப் பத்தாவது சுடிதாரை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அதில் ஒரு நரம்பு வெடித்துவிட்டது. தரையில் ரத்தம் ஓடிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

மணிக்குப் பத்து நிமிடமாவது உட்கார வேண்டும், இல்லாவிட்டால் புண்ணாகி ஆறாது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டை அக்கா மாடி சூப்பர்வைசரிடம் கொடுத்தாள், மேனேஜரிடம் கொடுத்தாள், முதலாளியிடமும் கொடுத்தாள். முதலாளி, “பாப்போம்மா” என்றார். சூப்பர்வைசர் அதைத் தெளிவாகவே சொன்னார்: “கஸ்டமர் நிக்கிறப்ப நீ உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? வெள்ளிக்கிழமை தீவாளி சேல் ஆரம்பிக்குது. நிக்க முடியாதுன்னா அதுக்குள்ள சொல்லிரு, வேற ஆளப் போட்டுக்கிறோம்.” கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று இந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. அது எந்த மாடியில் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

செவ்வாய் காலை 7.20க்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் வண்டி ஏறினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. முக்கால் மணி நேரம் யாரும் எழுப்பாமல் உட்கார்ந்தே போனேன். எனக்கு அதுவே சுற்றுலா. காந்திகிராமம் நிறுத்தத்தில் புத்தகப் பையோடு ஒரு கூட்டம் இறங்கியது. என் வயதுதான் இருக்கும். நாள் முழுக்கப் பெஞ்சில் உட்காரப் போகிறவர்கள். அவர்கள் மேலும் பொறாமைப்பட்டேன். ஒளித்து எழுதுவதில் என்ன இருக்கிறது?

கொடைரோட்டில் 8.05க்கு இறங்கினேன். ரயில் நிலையம் பக்கம் போனால் கொடைக்கானல் போகிறவர்கள் குளிர்ச்சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு வேன் பேரம் பேசுவதைப் பார்க்கலாம். நான் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து, நாற்கரச் சாலையின் ஓரமாக இரண்டரை கிலோமீட்டர் போனேன். தென்னந்தோப்புக்கும் ஒரு மல்லிகைத் தோட்டத்துக்கும் நடுவில் தகரக் கொட்டகை. வாசலில் மூக்கில்லாத ஒரு டைனோசர். அதுதான் அடையாளம், தவறவே விட மாட்டீர்கள்.

கொட்டகைக்கு முன்னால் நான்கு கால்கள் நின்றன. கால்கள் மட்டும். ஒவ்வொன்றும் என்னைவிட இரண்டு சாண் உயரம், பழுப்புத் திட்டோடு, குளம்போடு, மேலே உடம்பு இல்லாமல். தென்னை நிழலில் யாருக்கோ காத்திருப்பது போல் நின்றன.

“பாத்தியா உன் வேலைய?” என்று உள்ளிருந்து குரல் வந்தது. சிலை செய்யும் ரஃபீக் பாய். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். பேகம்பூர்க்காரர். முடியெல்லாம் ஃபைபர் தூசி. “நீதான அந்தச் சீட்டு எழுதுன மாப்ள? ஒட்டகச்சிவிங்கிக்கு யார்றா ஜிப்பா தைக்கச் சொன்னா?”

“தப்புத்தான் பாய்.”

“தப்புன்னா தப்பு, அழகான தப்பு. உள்ள வா.”

உள்ளே போனேன். நான்கு பழைய மெத்தையைப் பரப்பி, அதன் மேல் ஒட்டகச்சிவிங்கி உட்கார்ந்திருந்தது.

காலை மடக்கி, வயிற்றைத் தரையில் வைத்து, கழுத்தை நிமிர்த்தி, ஊரே தன்னுடையது என்பது போல உட்கார்ந்திருந்தது. உயரம் பத்தே முக்கால் அடி. போர்ட்டிகோவில் கால் அடி மிச்சமிருக்கும்.

“ஒங்க மொதலாளி மொதல்ல கழுத்த வெட்டுன்னாரு” என்றார் பாய். “கழுத்த வெட்டுனா அது புள்ளி போட்ட மாடு. அப்பறம் காலக் குட்டையாக்குன்னாரு. ஆக்குனா ஆட்டுக்குட்டிக்குக் கழுத்து வீங்குனாப்ல இருக்கும். கடசில நாந்தேன் சொன்னேன், உக்கார வச்சிருவோம் மொதலாளி, பாவம், எம்புட்டு நேரந்தான் நிக்கும்னு. ‘ஆமாய்யா, நல்ல யோசன’ன்னுட்டாரு. முப்பத்தெட்டாயிரம் கூட ஆகும்னேன். மறுபேச்சு இல்ல, உடனே அனுப்பிச்சுட்டாரு.”

ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் நானூற்றைம்பது ரூபாய். பாவம், எவ்வளவு நேரம்தான் நிற்கும் என்ற அதே வார்த்தையை நானும் போன வாரம் மேனேஜரிடம் சொல்லியிருந்தேன். என் தவறால் ஒரு ஒட்டகச்சிவிங்கியை உட்கார வைக்க முடிந்திருக்கிறது. தெரிந்தே, எழுதிக் கேட்டு, என் அக்காவை உட்கார வைக்க முடியவில்லை.

லாரி வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். அதுவரை பாய் தன் சிலையைச் சுற்றிக் காட்டினார். முன்பு ஏதோ ஒரு பூங்காவுக்காக ஒட்டகச்சிவிங்கி செய்தபோது, விலங்கு மருத்துவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தாராம். சுவர் முழுக்க அவர் வரைந்த படம். நீங்கள் போனால் கட்டாயம் கேளுங்கள். மனிதர் காசு வாங்காமல் சொல்கிறார்.

அவ்வளவு நீளக் கழுத்தில் எலும்பு ஏழுதான். நமக்கும் ஏழுதான். ஒவ்வொன்றும் அதற்கு ஒரு சாணுக்கு மேல் நீளம், நமக்குச் சுண்டுவிரல் அகலம். கொடுத்தது ஒன்றுபோலத்தான், பங்கு வைத்ததில்தான் கோளாறு. அந்தக் கழுத்தின் உச்சிக்கு ரத்தத்தை ஏற்ற வேண்டுமென்பதால் நம்மைப் போல இரண்டு மடங்கு ரத்த அழுத்தம், சுவர் தடித்த இதயம். நமக்கு அவ்வளவு அழுத்தம் இருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுவார்கள். கால் கழுத்தைவிட நீளம் என்பதால் தண்ணீர் குடிக்க முன்காலை இரண்டு பக்கமும் அகட்டித்தான் குனிய முடியும். குனியும்போது தலைக்கு ரத்தம் பாய்ந்து மயக்கம் வராமல் இருக்கக் கழுத்து நரம்பில் சிறு சிறு அடைப்பான்கள், மூளைக்கு அடியில் ஒரு ரத்தக்குழாய் வலை.

நாக்கு ஒன்றரை அடி, முன்பாதி கறுப்பு. நாள் முழுக்க வெளியே நீட்டி இலை பறிப்பதால் வெயிலில் வேகாமல் இருக்கத்தான் அந்தக் கறுப்பு என்கிறார்கள். முள்ளுக்கு நடுவே இலையைச் சுற்றி இழுத்துவிடும். “நம்ம ஊரு கருவேலங்காட்டுல விட்டா ராசா மாதிரி இருக்கும் மாப்ள” என்றார் பாய். உடம்புத் திட்டு ஒளிந்துகொள்வதற்கு மட்டுமில்லை. ஒவ்வொரு திட்டுக்கும் அடியில் ரத்தக்குழாய் ஓடுகிறது. சூடு அந்த வழியாக வெளியேறுகிறது. எங்கள் கடையில் ஏசி வாடிக்கையாளர் நிற்கும் பக்கம் பார்த்து ஊதும். ஒட்டகச்சிவிங்கி தன் ஏசியைத் தோலுக்குள்ளேயே வைத்திருக்கிறது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பிறகு பாய் வெளியே நின்ற நான்கு கால்களுக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் எனக்கு நிஜமாகவே பொறாமை வந்தது.

“எங்க அத்தா தோல் ஷாப்புல இருந்தாரு. தோல் பதம் போடுற எடம். அதனால எனக்குத் தோலப் பத்திக் கொஞ்சம் தெரியும்” என்று காலைத் தட்டினார். “ஆடு, மாட்டுத் தோலெல்லாம் கிள்ளுனா வரும். இதுக்குக் காலுல கிள்ளவே முடியாதாம், அம்புட்டு இறுக்கம். இம்புட்டு ஒசரத்துலருந்து ரத்தம் கீழ எறங்குனா கால் வீங்கி வெடிச்சிருக்கணும்ல? வெடிக்காது. தோலே சுத்திப் புடிச்சு அமுக்கி மேல தள்ளிரும். பொறக்குறப்பவே இறுக்கமான சாக்ஸு போட்டுப் பொறக்குது.”

அக்காவுக்கும் மருத்துவர் அதே மாதிரிக் காலுறையைத்தான் எழுதிக்கொடுத்தார். இரவில் கழற்றும்போது அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். நான் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் ஃபைபர்தான், பெயிண்ட் வாசனை. ஆனாலும் சொல்கிறேன், வாழ்க்கையில் எந்தப் பணக்காரன் காரைப் பார்த்தும் எனக்கு இவ்வளவு பொறாமை வந்ததில்லை. நிற்பதற்கென்றே செய்த கால். நிற்பதற்கென்றே செய்த தோல். அப்படிப்பட்ட பிராணிக்கு உட்கார்ந்த வாழ்வு வந்திருக்கிறது.

“நெசமான ஒட்டகச்சிவிங்கி உக்காருமா பாய்?”

“உக்காரும். ஆனா அது எந்திரிக்க நேரமாகுமாம், அதுக்குள்ள சிங்கம் வந்துரும். அதனால பயமில்லாத எடத்துலதான் உக்காரும். சில நேரம் ஒண்ணு ரெண்டு நின்னு காவல் பாக்குமாம், மத்தது உக்காரும்.”

எங்கள் இரண்டாம் மாடியிலும் அதேதான் நடக்கிறது. தூணுக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாத மூலையில், பிரிக்காத துணிப் பண்டல் ஒன்று எப்போதும் கிடக்கும். ஒருத்தி அதில் உட்காருவாள், இன்னொருத்தி படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சூப்பர்வைசர் தலை தெரிந்தால், “மஸ்டர்ட் கலரு எங்கக்கா?” என்று கேட்பாள். உட்கார்ந்தவள் எழுந்துவிடுவாள். போன வாரம் அந்தப் பண்டலையும் பிரித்து அடுக்கிவிட்டார்கள்.

லாரி 11.40க்கு வந்தது. ஓட்டுநர் பாண்டி அண்ணன், நத்தம் ரோட்டுக்காரர். வண்டியைவிட்டு இறங்காமலே கேட்டார்: “ஏலே, இது என்னலே, நோவு கண்ட மாடா?”

“ஒட்டகச்சிவிங்கிண்ணே.”

“அது நிக்கும்ல?”

“இது உக்காந்திருக்கு.”

“குடுத்து வச்சது” என்றார்.

எட்டுப் பேர் சேர்ந்து ஏற்ற ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மெத்தை நான்கையும் லாரியில் விரித்து, மடக்கிய கால் ஒவ்வொன்றுக்கும் ஸ்பாஞ்சு வைத்து, அதன் மேல் துணிக் கட்டுச் சுற்றினார் பாய். கீறல் விழக் கூடாதாம். அக்கா கால் கட்டைவிட நன்றாகச் சுற்றியிருந்தார். சாலையோரக் கடையில் சாப்பாடு எண்பது ரூபாய், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இரண்டு வகை. கத்தரிக்காய் நன்றாக இருந்தது. 1.50க்குக் கிளம்பினோம்.

நான் பாண்டி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். “ஒங்களுக்கென்னண்ணே, நாள் முழுக்க உக்காந்த வேல” என்றேன். வாய் தவறியதில்லை, வேண்டுமென்றேதான் சொன்னேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஒக்காந்து ஒக்காந்து எனக்கு மூலம்லே. நீ நின்னு நின்னு நரம்புங்கிற. ரெண்டு பேரும் செத்த நேரம் மாத்திக்கிட்டா ரெண்டு பேருக்கும் சரியாப் போகும். எவன் மாத்தி விடுவான்?”

டோல்கேட்டில் சீட்டுப் போடும் பையன் எட்டிப் பார்த்து, “உசுரா?” என்று கேட்டான். “உசுரா இருந்தா நம்ம மொதலாளி உக்கார விடுவாராப்பு?” என்றார் பாண்டி அண்ணன். மதியத்துக்குள் என் கதை முழுக்க அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

சின்னாளபட்டிப் பிரிவில் டீக்கு நிறுத்தினோம். டீ பன்னிரண்டு ரூபாய். ஐந்து நிமிடத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நூல் மில்லில் ஷிப்டு முடிந்து வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர், பஞ்சு ஒட்டிய தலையோடு லாரியைச் சுற்றி வந்தார்கள். யாரும் கழுத்தைப் பார்க்கவில்லை. யாரும் நிறத்தைப் பார்க்கவில்லை.

“நல்லா உக்காந்து வருதுடி” என்றாள் ஒருத்தி.

“மெத்த வேற.”

“காலுக்குக் கட்டுப் போட்டிருக்காகடி! நம்ம காலுக்கு எவன் போட்டான்?”

சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்து, “எங்க கொண்டு போறீக?” என்றாள். ஜவுளிக்கடை வாசலுக்கு என்றேன். “அங்க உக்கார விடுவாகளா?” என்று கேட்டாள். சிலைக்கு மட்டும் என்றேன். இப்போது அவளும் சிரித்தாள், ஆனால் அது வேறு மாதிரிச் சிரிப்பு.

திண்டுக்கல்லுக்குள் நுழைந்த பிறகுதான் தாமதம். லாரித் தளத்தோடு சேர்த்துப் பதினாலே கால் அடி உயரம். கேபிள் டிவி வயர் இரண்டு இடத்தில் கொம்பில் மாட்டியது. அது கொம்பும் இல்லை, தோல் மூடிய எலும்பு முண்டு. ஆண்கள் கழுத்தை வீசி முட்டிக்கொள்ளும்போது உதவும் என்று பாய் சொல்லியிருந்தார். நாங்கள் கவட்டைக் குச்சியால் வயரைத் தூக்கிவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து கடை வாசலுக்குப் போய்ச் சேரும்போது 4.10. இறக்கி, போர்ட்டிகோவில் நிறுத்தி, மன்னிக்கவும், உட்கார வைத்து முடிக்க 4.45.

அக்காவுக்கு டீ நேரம். கீழே வந்தாள். சிலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மடக்கிய முன்காலுக்கு நேராக நின்றாள்.

“முட்டிய எப்பிடி மடக்கி வச்சிருக்கான் பாரு” என்றாள்.

“அது முட்டி இல்லக்கா. நமக்கு மணிக்கட்டு இருக்குல்ல, அதுதான் அதுக்கு அந்த எடத்துல இருக்காம்.” பாயிடம் கேட்ட தோல் கதை, சாக்ஸ் கதை, முப்பத்தெட்டாயிரம், எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா டீ ஆறுவதுகூடத் தெரியாமல் கேட்டாள்.

“பொறாமையா இருக்காக்கா?”

“போடா. பொம்ம மேல பொறாமப்படுற அளவுக்கா வந்துட்டோம்?” டீயை ஒரே மடக்கில் குடித்தாள். கப்பை நசுக்கினாள். “ஆமா. இருக்கு” என்றாள்.

அப்போது முதலாளி வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. எதிர்க்கடையை ஒரு பார்வை, ஒட்டகச்சிவிங்கியை ஒரு பார்வை. “அடடா, என்ன அம்சமா உக்காந்திருக்கு!” என்று செல்போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். என் பிழையை மன்னித்துவிட்டார் போல, தோளில் தட்டினார். இதைவிட நல்ல நேரம் வராது என்று எனக்குத் தோன்றியது.

“மொதலாளி, அக்காவுக்கு ஒரு ஸ்டூலு போடச் சொல்லுங்க. டாக்டரு சீட்டு ஒங்ககிட்டதான் இருக்கு.”

அவருக்குக் கேட்டது. செல்போன் பிடித்த கை ஒரு கணம் அப்படியே நின்றதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். அவள் எனக்கு அரை அடி தள்ளி, எடையை வலது காலில் போட்டு நின்றுகொண்டிருந்தாள்.

“கொம்புக்கிட்ட பெயிண்டு உரிஞ்சிருக்கு பாரு” என்றார் முதலாளி, யாரையும் பார்க்காமல். “கொஞ்சம் டச் பண்ணச் சொல்லு. லைட்டப் போடுங்கப்பா.”

லைட் போட்டார்கள். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், ஐந்தாக இரண்டு நிமிடம். லிப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்பதால் படியேறிப் போனாள்.

மறுநாள் காலை ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. குழந்தைகள் மேலே அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். ஊழியர்கள் அமரக் கூடாது. ஊழியர் யாரும் அதுவரை அதன் மேல் உட்காரவே இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரம். கொடைரோட்டுக் கொட்டகைக்குக் காலை எட்டிலிருந்து பத்துக்குள் போங்கள், அதற்குப் பிறகு தகரம் கொதிக்கும். வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போய்விடுவார். நான்கு கால்களும் இன்னும் வெளியேதான் நிற்கின்றன, யாரும் வாங்கவில்லை. மூட்டு வலிக்காரர்கள் பேருந்தில் ஏறும்போதே உட்கார இடம் பார்த்து ஏறுங்கள். மொத்தச் செலவு ஒரு ஆளுக்கு இருநூறைத் தாண்டாது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் திண்டுக்கல்லிலேயே பார்க்கலாம். கடையின் பெயரை நான் எழுதவில்லை, ஆனால் வாசலில் ஒட்டகச்சிவிங்கி உட்கார்ந்திருக்கும் ஜவுளிக்கடை இந்த ஊரில் ஒன்றுதான். படம் எடுத்த பிறகு இரண்டாம் மாடிக்கும் போங்கள். அங்கே உங்களுக்கு நாற்காலி போடுவார்கள். உட்காருவதற்கு முன்னால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் எட்டி, கீழே பாருங்கள்.

இதை எழுதும்போது புதன்கிழமை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை விற்பனை ஆரம்பம். அக்கா கவுண்டரில் நிற்பதாகவும் சொல்லவில்லை, வேலையிலிருந்து நின்றுகொள்வதாகவும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை உங்கள் மகன் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும் முதலாளி, போன மாதம் சிறுமலை பற்றி எழுதியதை அவரே நன்றாக இருந்தது என்றார். இதையும் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார். எனவே அளவைத் தெளிவாக, இந்த முறை பிழையில்லாமல் எழுதுகிறேன். இரண்டாம் மாடி, சுடிதார் பிரிவு, இடது பக்கத் தூணுக்குப் பின்னால். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், ஒரு அடி அகலம். ஒரு ஸ்டூல் போடுங்கள்.